பெக்வித் துரை தாண்டிப் போன பதினோரு நாட்கள்

பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வெள்ளைக்காரப் பெண் முதல் வாரமே ஒரு தட்டில் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். குணசுந்தரி நன்றி சொல்லி வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் கணவரிடம், "வேலிய நம்ம பக்கம் தள்ளி வைக்கப் போறா, பாருங்க" என்றாள். இரண்டே மாதத்தில் அப்படியே நடந்தது. அதற்குப் பிறகு தர்மலிங்கம் மனைவியின் சந்தேகப் புத்தியைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்.

இருவரும் மலேசியத் தமிழர்கள். அவர் ஈப்போக்காரர், அவள் சிரம்பான் பக்கம். அறுபதுகளின் கடைசியில் லண்டனுக்குப் படிக்க வந்து, வேலை கிடைத்து, பிளேஸ்டோவில் வீடு வாங்கித் தங்கிவிட்டவர்கள். குணசுந்தரி ஸ்ட்ராட்ஃபோர்டில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் செயலாளராக இருந்தாள். சாட்சிகள் சொல்வதைச் சுருக்கெழுத்தில் எடுத்து, தட்டச்சு செய்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்குவது அவள் வேலை. கண்ணீரோடு சொல்பவர்கள் எத்தனை பேர் பொய் சொல்கிறார்கள் என்று அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அவள் கற்றுக்கொண்டாள். யார் என்ன சொன்னாலும் அவள் மனம் முதலில் கேட்பது, 'இதை ஏன் இவர் இப்போது என்னிடம் சொல்கிறார்?' என்பதுதான்.

ஓய்வுபெற்று ஆறு மாதம் வீட்டில் இருந்தாள். பொழுது போகவில்லை. 2003 செப்டம்பரில் ஒரு நாள் பேப்பரில் சின்ன விளம்பரம் ஒன்று கண்ணில் பட்டது. ஓய்வுபெற்ற தூதர் ஒருவர் தன் வாழ்க்கையை எழுதுகிறார், தட்டச்சும் சுருக்கெழுத்தும் தெரிந்த உதவியாளர் வேண்டும், மலாய் ஊர்ப் பெயர்களில் பழக்கம் இருந்தால் நல்லது. குணசுந்தரி விண்ணப்பம் எழுதினாள். மலாய்மொழி தெரியும் என்பதற்குச் சான்றாகப் பழைய பள்ளிச் சான்றிதழின் பிரதி ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள்.

அழைப்பு வந்தது. விக்டோரியாவில் இறங்கி, பிம்லிக்கோவில் வெள்ளைத் தூண்கள் வைத்த ஒரு உயரமான வீட்டுக்குப் போனாள். சர் ரோலண்ட் பெக்வித்துக்கு அப்போது எழுபத்திரண்டு வயது. மெலிந்து, நிமிர்ந்து, கோட்டும் டையுமாக இருந்தார். அவள் உள்ளே வந்ததும் எழுந்து நின்றார். பயணம் எப்படி இருந்தது என்று கேட்டார். எப்போது வேலையைத் தொடங்கலாம் என்று கேட்டார். அவ்வளவுதான். தட்டச்சு செய்து காட்டச் சொல்லவில்லை. பழைய முதலாளியின் கடிதத்தைப் பிரிக்கக்கூட இல்லை. ஏழு நிமிடத்தில் அவள் மறுபடி தெருவில் நின்றாள்.

"என்னமோ இருக்குங்க" என்றாள் அன்று சாயங்காலம் தர்மலிங்கத்திடம். "அவரு ஏற்கெனவே முடிவு பண்ணிட்டுத்தான் என்னை வரச் சொல்லியிருக்காரு."

"ஒனக்குத் திறமை இருக்குன்னு நெனச்சிருப்பாருலா" என்றார் தர்மலிங்கம்.

"திறமையப் பாக்கவே இல்லையே."

செவ்வாயும் வியாழனும் வேலை. மாடியில் புத்தக அறையில் ஜன்னலோரம் அவளுக்கு மேசை. பெக்வித் கையால் எழுதித் தருவார், சிலசமயம் நடந்துகொண்டே சொல்வார். கோப்பின் மேலே 'மூன்று உடுப்புகள்' என்று எழுதியிருந்தார். அவர் வாழ்க்கையும் அப்படித்தான் மூன்றாகப் பிரிந்திருந்தது. லங்காஷயரில் செருப்புக் கடைக்காரரின் மகன். பதினெட்டு வயதில் கட்டாய ராணுவச் சேவைக்குப் போனவர், இருபதில் இளம் அதிகாரியாக மலாயா போனார். அங்கே அப்போது அவசரகாலம். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கும் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கும் சண்டை. ராணுவம் பிடித்துப்போய் அதிலேயே தங்கினார். சைப்ரஸ், ஏடன் என்று சுற்றி, மேஜராக வெளியே வந்தார். பிறகு அரசியல். பதின்மூன்று வருடம் நாடாளுமன்ற உறுப்பினர், அதில் இரண்டு வருடம் துணை அமைச்சர். தேர்தலில் தோற்றதும் தூதராக இரண்டு நாடுகளுக்கு அனுப்பப்பட்டார். சுவரெங்கும் படங்கள். எல்லாவற்றிலும் அவர் யாரோ இருவருக்கு நடுவில் நின்றுகொண்டு, இரண்டு தோள்களிலும் கைபோட்டிருந்தார்.

ஒரு நாட்டில் இரண்டு கட்சிகளை எப்படிச் சமாதானப் பேச்சுக்கு இழுத்துவந்தேன் என்று ஒருநாள் சொன்னார். இரண்டு தலைவர்களும் பேச்சுக்கு வர மறுத்தார்கள். பெக்வித் தூதரகக் காரை, கொடியோடு, ஒரு தலைவரின் வீட்டு வாசலில் மத்தியானம் முழுக்க நிறுத்திவைத்தார். காருக்குள் ஓட்டுநரைத் தவிர யாருமில்லை. மற்றவர் ஆள் அதைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொன்னான். மறுநாள் காலை அந்த மற்றவர் தானாகத் தொலைபேசியில் கூப்பிட்டார்.

"நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, மிஸஸ் தர்மலிங்கம்" என்றார் பெக்வித். "ஒரு காரை நிறுத்தினேன். மீதியைச் சந்தேகம் பார்த்துக்கொண்டது."

குணசுந்தரி தலையசைத்துவிட்டு எழுதிக்கொண்டாள். 'இந்த ஆளிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும்' என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் சமையலையும் அவருடைய மருந்து மாத்திரைகளையும் கவனித்துக்கொண்டவள் பியற்றிஸ். மன்னார்க்காரி. கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரிலிருந்து வந்துபோவாள். நாற்பத்தைந்து வயது, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவள். முதல்நாள் தமிழ் முகத்தைக் கண்டதும் சந்தோஷப்பட்டு, "அக்கா, இஞ்ச வந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்று கூப்பிட்டாள். குணசுந்தரி அவளையும் உடனே நம்பவில்லை. ஐயா அனுப்பிய ஆளாக இருக்கலாம் என்று ஒரு மாதம் வரை வெயிலையும் மழையையும் பற்றி மட்டுமே பேசினாள்.

நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பேச்சோடு பேச்சாக பெக்வித் கேட்டார்.

"உங்கள் அண்ணன் நலமாக இருக்கிறாரா?"

குணசுந்தரியின் விரல் விசையின்மேல் நின்றது. "எனக்கு அண்ணன் இருக்கிறார் என்று யார் சொன்னார்கள்?"

"நீங்கள்தான் ஒருநாள் சொன்னீர்கள்."

அவள் சொல்லவில்லை. அந்த வீட்டில் தன் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை அவள் பேசியதில்லை. சொன்னதையும் சொல்லாததையும் நினைவில் வைத்துக்கொள்வதுதான் முப்பத்தோரு வருடம் அவளுக்குச் சோறு போட்ட தொழில். பெக்வித் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு இருமினார்.

குணசுந்தரி தன் குடும்பத்தைப் பற்றிப் பேசாததற்குக் காரணம் இருந்தது. அவள் பிறந்தது சிரம்பானிலிருந்து பதினெட்டு மைல் தள்ளி, கிளென்மோர் என்ற ரப்பர் தோட்டத்தில். அப்பா அய்யாக்கண்ணு அங்கே மண்டோர், பால் வெட்டும் ஆட்களை மேய்க்கிறவர். 1952-இல், சிவராத்திரி முடிந்த அடுத்த வாரம், மார்ச் மூன்றாம் தேதி திங்கட்கிழமை விடியும்போது பட்டாளத்துக்காரர்கள் வந்தார்கள். முதலில் அப்பாவைக் கூட்டிப்போனார்கள். பிறகு தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனங்களை எல்லாம் வரிசையாக நிறுத்தி, ஒரு கூடாரத்துக்கு முன்னால் ஒவ்வொருவராக நடக்கவிட்டார்கள். கூடாரத் துணியில் ஒரு கிழிசல். உள்ளே யாரோ உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஆள் உள்ளிருந்து தட்டினால், நடந்துபோகிறவரைப் பிடித்து லாரியில் ஏற்றினார்கள். ஒன்பது பேர் பிடிபட்டார்கள். காட்டுக்காரர்களுக்கு அரிசி கொடுத்தார்கள் என்று குற்றம். ஆறு பேரைப் பிறகு நாகப்பட்டினத்துக்குக் கப்பல் ஏற்றினார்கள். அவர்கள் பிள்ளைகுட்டிகளைத் திரும்பப் பார்க்கவே இல்லை.

கூடாரத்துக்குள் இருந்தது யார்? வரிசையில் நிற்காதவர் ஒருவர்தான். அதற்குப் பிறகு தினமும் அய்யாக்கண்ணு ராணுவ ஜீப்பின் முன் இருக்கையில் உட்கார்ந்து தோட்டத்தைச் சுற்றி வந்தார். "கட்டியா இழுத்துட்டுப் போனானுங்க? சொகமா உக்காந்துல்ல போறாரு" என்றார்கள். ஆறு வயதுக் குணசுந்தரியும் பார்த்தாள். கையை ஆட்டினாள். அப்பா திரும்பவில்லை. பதினோரு நாள் இப்படி. பிறகு ஜீப்பும் வரவில்லை, அப்பாவும் வரவில்லை. கிணற்றடியில் அம்மாவுக்கு யாரும் வழிவிடவில்லை. மகள் கையையும் மகன் கையையும் பிடித்துக்கொண்டு அம்மா சிரம்பானுக்கு வந்து, துணி துவைத்துப் பிழைத்தாள். அண்ணன் தனபாலன் பள்ளிக்கூடத்தில் அப்பா பெயரைக் கேட்டால் "செத்துட்டாரு" என்று மட்டும் சொல்வான். காட்டிக்கொடுத்தவன் பிள்ளை என்ற பேச்சு சிரம்பான் வரைக்கும் வந்தது. குணசுந்தரி லண்டனுக்குக் கப்பல் ஏறியதற்கே பாதிக் காரணம் அதுதான். அம்மா சாகும்வரை, "உங்கப்பா அப்படி செஞ்சிருக்க மாட்டாரு" என்றாள். குணசுந்தரி ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அவளும் ஜீப்பைப் பார்த்தவள்தானே.

டிசம்பரில் மலாயா அத்தியாயம் வந்தது. 1952 பிப்ரவரியில் பெக்வித்தின் படைப்பிரிவு சிரம்பான் வட்டாரத்தில் இருந்தது. குணசுந்தரி பக்கம் புரட்டினாள். மார்ச் இரண்டாம் தேதி ரோந்து போன கதை இருந்தது. அடுத்த பத்தியில், "கடும் மலேரியாவில் விழுந்தேன். பதினோரு நாட்கள் எனக்கு நினைவில்லை. பதினான்காம் தேதிதான் எழுந்து உட்கார்ந்தேன்" என்று இருந்தது. கிளென்மோர் என்ற பெயரே இல்லை.

மூன்றாம் தேதி முதல் பதின்மூன்றாம் தேதி வரை. குணசுந்தரி விரல்விட்டு எண்ணினாள். பிறகு அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை இறக்கினாள். மலாயாவிலிருந்து அவர் தன் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் அதில் இருந்தன. தேதிவாரியாக அடுக்கச் சொல்லி அவரே கொடுத்தது. மார்ச் ஒன்பதாம் தேதிக் கடிதத்தில், "உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, நேற்று கிரிக்கெட் ஆடினோம், நாற்பத்திரண்டு ஓட்டம் எடுத்தேன்" என்று எழுதியிருந்தது.

மலேரியாவில் நினைவிழந்து கிடந்தவர் நாற்பத்திரண்டு ஓட்டம் எடுத்திருக்கிறார்.

உடனே அவள் ஒன்றும் கேட்கவில்லை. பத்தியை அப்படியே தட்டச்சு செய்து வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கீழே சமையலறைக்கு வந்தாள். முகத்தைப் பார்த்ததும் பியற்றிஸ் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"என்னக்கா, ஐயா ஏதும் பேசினவரோ?"

"இல்ல பியற்றிஸ். எனக்கு முன்னாடி இந்த வேலைக்கு யாராச்சும் வந்தாங்களா?"

"ஓம், எட்டுப் பேர் வந்தவை. எல்லாரையும் திருப்பி அனுப்பிப்போட்டார். உங்கட கடிதம் வந்த அண்டைக்கு மனுசன் சாப்பிடேல்லை. அதோட வந்த கடதாசியைக் கட்டில் பக்கத்தில வச்சிருந்தவர். நான் படுக்கை விரிக்கேக்க கண்டனான்." பியற்றிஸ் குரலைத் தாழ்த்தினாள். "என்னைக் கூப்பிட்டு ஒரு தமிழ்ப் பேரை எப்பிடிச் சொல்லுறது எண்டு கேட்டவர். ரெண்டு மூண்டு தரம் சொல்லிப் பாத்தவர். எனக்கு அது வலு விசித்திரமா இருந்தது."

"என்ன பேரு?"

"அய்யாக்கண்ணு."

குணசுந்தரிக்குப் புரிந்துவிட்டது. விண்ணப்பத்தில் அவள் கணவர் பெயரைத்தான் போட்டிருந்தாள். ஆனால் பள்ளிச் சான்றிதழில் 'குணசுந்தரி, அய்யாக்கண்ணு மகள், கிளென்மோர் தோட்டம்' என்று இருந்தது. அந்த மனிதர் மூன்று மாதமாக அவள் யார் என்று தெரிந்தேதான் எதிரில் உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று ஆழம் பார்க்கத்தான் வேலைக்கு வைத்தாரா? புத்தகம் வந்தபிறகு யாரும் எழுந்து நின்று கேள்வி கேட்கக்கூடாது என்று முன்கூட்டியே வாயை அடைக்கவா?

அவள் மறுபடியும் மாடிப்படி ஏறினாள்.

பெக்வித் கணப்படுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கம்போல எழுந்து நின்றார். குணசுந்தரி உட்காரவில்லை. ஒன்பதாம் தேதிக் கடிதத்தை அவர்முன் வைத்தாள்.

"உங்களுக்கு மலேரியா வரவில்லை."

அவர் கடிதத்தைத் தொடவில்லை.

"கிளென்மோர் கூடாரத்துக்குள் உட்கார்ந்திருந்தது என் அப்பாவா? எனக்கு வேறு எதுவும் வேண்டாம். ஆம், இல்லை, இரண்டில் ஒன்று."

"இல்லை" என்றார் பெக்வித்.

அவள் அவர் முகத்தையே பார்த்தாள். பேசிப் பிழைத்த மனிதர். எதிரில் இருப்பவருக்கு என்ன வேண்டுமோ அதைச் சொல்லத் தெரிந்தவர். அந்த 'இல்லை'யை அவள் நம்பவில்லை.

"உட்காருங்கள்" என்றார். "நான் சொல்கிறேன்."

"நீங்கள் சொல்வதை எழுதிக்கொள்வேன். பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்துப் போடவேண்டும்."

அவர் தலையாட்டினார். குணசுந்தரி சுருக்கெழுத்து நோட்டை எடுத்தாள். பழகிய கை அது பாட்டுக்கு ஓடியது.

பெக்வித் சொன்னது இதுதான். கூடாரத்துக்குள் இருந்தவர் தோட்டத்திலேயே வேறொருவர். பல மாதமாகப் பட்டாளத்துக்குத் தகவல் கொடுத்துவந்தவர். அன்று அவரும் வரிசையில் முதல் சிலரோடு நடந்தார். அவர் முறை முடிந்ததும் பின்பக்கமாகக் கூடாரத்துக்குள் அழைத்துக்கொண்டார்கள். அவரைக் காப்பாற்ற வேண்டுமானால் ஜனங்களின் சந்தேகம் வேறு யார்மேலாவது போகவேண்டும். யாரைக் காட்டலாம் என்று மேலதிகாரி கேட்டார். மண்டோர் என்றார் பெக்வித். அய்யாக்கண்ணு அதற்கு முந்தின வாரம்தான் பட்டாளத்துக்கு உளவு சொல்ல மறுத்திருந்தார்.

"யோசனை என்னுடையது" என்றார். "இருபது வயது. மிகவும் புத்திசாலித்தனமான யோசனை என்று எல்லாரும் சொன்னார்கள். தினமும் இரண்டு மணிநேரம் அவரை ஜீப்பில் உட்காரவைத்துச் சுற்றிவந்தோம். கையில் விலங்கு மாட்டி, இருக்கைக்கு அடியில் இருந்த கம்பியோடு சேர்த்திருந்தோம். அது வெளியே தெரியாமல் இருக்க மடியில் என் மழைக்கோட்டைப் போர்த்தினேன்."

பென்சில் நின்றது.

மழைக்கோட்டு. மாசி மாதத்து வெயிலில், மழையே இல்லாத நாளில், அப்பாவின் மடியில் பச்சை நிறத்தில் ஒரு கோட்டு. அப்பாவுக்குக் குளிர்கிறதோ என்று ஆறு வயதில் நினைத்தது அவளுக்கு அப்படியே நினைவில் இருந்தது. அதை அவள் அம்மாவிடம் சொன்னதில்லை, அண்ணனிடம் சொன்னதில்லை, முப்பது வருடத்துக்கு மேல் கூட வாழ்ந்த தர்மலிங்கத்திடமும் சொன்னதில்லை. யாரிடமிருந்தும் பெக்வித் இதைக் கேட்டிருக்க முடியாது.

பிறகு அவள் கேட்டாள்.

"என்ன நிறம்?"

"மழைக்கோட்டா? பச்சை. ராணுவப் பச்சை."

"மேலே சொல்லுங்கள்."

"ஒரு சின்னப் பெண் லயத்து வாசலில் நின்று கையாட்டினாள். அவர் திரும்பவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். திரும்பினால் எந்த வீடு, எந்தக் குழந்தை என்று காட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். பதினோரு நாளும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பதின்மூன்றாம் தேதி நாலு மணிக்குத் தோட்டத்து வாசலில் இறக்கிவிட்டோம். அவர் லயத்துப் பக்கம் போகவில்லை. எதிர்ப்பக்கமாகச் சாலையில் நடந்தார். ஒரு வாரம் கழித்துப் பாலத்துக்கு அடியில் உடல் கிடைத்தது. போலீஸ் பெயர் போடாமல் புதைத்தது. அடையாளம் தெரியாத ஆள் என்ற காகிதத்தில் கையெழுத்துப் போட்டது நான்."

"யார் கொன்றது?"

"தெரியாது. காட்டிலிருந்தவர்களாக இருக்கலாம். தோட்டத்து ஆட்களாகவும் இருக்கலாம்."

தோட்டத்து ஆட்கள். மாமா என்றும் சித்தப்பா என்றும் அவள் கூப்பிட்ட முகங்கள் ஒவ்வொன்றாக வந்து போயின.

"உளவு சொன்னவர் பெயர் என்ன?"

"அதை நான் சொல்லமாட்டேன். காப்பாற்றுவதாக அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"எங்கள் அப்பாவுக்கு ஒரு வாக்கும் கொடுக்கவில்லையா?"

"அவர் என்னிடம் எதையும் கேட்கவில்லை" என்றார் பெக்வித்.

குணசுந்தரி நான்கு பக்கம் தட்டச்சு செய்தாள், இரண்டு பிரதிகள். கிழவர் எட்டு இடத்தில் கையெழுத்துப் போட்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மாவுக்கு எழுதியதுதான், மார்ச் பன்னிரண்டாம் தேதி. பெட்டியில் சேர்க்காமல் ஒளித்துவைத்திருந்தது. அதில் கிரிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்கும் நடுவே ஒரு வரி இருந்தது. "நம் மண்டோருக்கு இன்றும் ஜீப் சவாரி. பாவம், செய்யாத குற்றத்துக்கு ஊரே அவர்மேல் காறித் துப்புகிறது. திட்டம் பிரமாதமாக வேலை செய்கிறது."

அவள் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்து தர்மலிங்கத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நான்கு பக்கத்தையும் வாங்கிப் படித்தார். கடைசியில், "ஒன்னை வேலைக்கு வெச்சது இத சொல்லத்தான் போல" என்றார்.

"நான் கேக்காம இருந்திருந்தா சொல்லியிருப்பாரா?"



ஜனவரியில் அவள் மறுபடி வேலைக்குப் போனாள். மலாயா அத்தியாயம் புத்தகத்தில் எப்படி வருகிறது என்று பார்க்காமல் விடக்கூடாது என்பதற்காகவே போனாள். பெக்வித் அந்த நான்கு பக்கத்தையும் சேர்க்கச் சம்மதித்திருந்தார். இரண்டு வாரத்தில் திருத்திய பிரதி வந்தது. 'அய்யாக்கண்ணு' இருந்த இடத்தில் 'ஒரு தமிழ் மண்டோர்' என்று இருந்தது. அடுத்த திருத்தத்தில் 'என் யோசனை' என்பது 'எங்கள் யோசனை' ஆனது. அதற்கடுத்ததில் ஜீப் போய்விட்டது. பெக்வித்தின் மகன் படித்துப் பார்த்தாராம். பதிப்பாளரும் பயப்பட்டாராம்.

"குடும்பத்தின் பெயரையும் யோசிக்கவேண்டியிருக்கிறது" என்றார் பெக்வித்.

"எந்தக் குடும்பத்தின் பெயரை?" என்று கேட்டாள் குணசுந்தரி.

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பெக்வித் எழுந்து நின்றார். அவள் அந்த வீட்டுக்கு மறுபடி போகவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் பெக்வித் இறந்துபோனார். பியற்றிஸ்தான் தொலைபேசியில் சொன்னாள். "கடைசி நாளுகளில உங்களைத்தான் கேட்டவர் அக்கா. நான் சொல்ல வேண்டாம் எண்டு இருந்தனான். உங்களுக்கு அது இன்னும் கரைச்சல்தானே." பேப்பர்களில் வீரர், அரசியல்வாதி, தூதர் என்று படத்தோடு எழுதினார்கள். இலையுதிர்காலத்தில் புத்தகம் வந்தது. ஈஸ்ட் ஹாம் நூலகத்தில் கேட்டு வாங்கி, நின்றபடியே அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். கடும் மலேரியாவில் விழுந்திருந்தார்.

அவள் ஆத்திரப்படவில்லை. எதிர்பார்த்ததுதான். வீட்டுக்கு வந்து, கையெழுத்திட்ட நான்கு பக்கங்களையும் தமிழில் எழுத உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு நின்ற தமிழ். 'விலங்கு' என்ற சொல்லுக்கு அகராதி பார்க்கவேண்டியிருந்தது. ஒரு வாரம் பிடித்தது. ஆங்கிலத்தையும் தமிழையும் அந்தப் பன்னிரண்டாம் தேதிக் கடிதத்தின் பிரதியையும் சேர்த்து அண்ணனுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினாள்.

மூன்று வாரம் பதில் இல்லை. அவளே கூப்பிட்டாள்.

"படிச்சேன்" என்றான் தனபாலன். குரலில் ஒன்றும் தெரியவில்லை. "வெள்ளக்காரன் பேச்ச நீ நம்புறியா?"

"அவரு பேச்ச நம்பலண்ணே. அந்த மழைக்கோட்ட நானே பாத்தேன்."

"அப்பாவுக்கு நல்ல பேரு வரட்டும்னு ஒன்கிட்ட கத கட்டியிருக்கலாம். சாகப்போற காலத்துல புண்ணியம் தேடி."

"கடுதாசி தேதியப் பாரு. அம்பத்திரண்டுல எழுதுனது. அப்ப யாருகிட்ட அவருக்குப் புண்ணியம் வேணும்?"

"அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டான்.

கிளென்மோர் தோட்டம் வீட்டுமனைகளாகிப் பல வருடமாகிவிட்டது. அங்கிருந்த குடும்பங்கள் பக்கத்திலேயே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தார்கள். அங்குள்ள மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தனபாலன் ஐம்பத்து நாலு வருடத்தில் முதல்முறையாகப் போனான். பூசை முடிந்தபின் தங்கை எழுதியதை எழுந்து நின்று வாசித்தான். சிலர் அழுதார்களாம். ஒரு ஆள், "இங்கிலீஷ்காரன் குடுத்த சர்டிபிகேட்டா?" என்று கேட்டானாம். அப்படியானால் கூடாரத்துக்குள் இருந்தது யார் என்று இன்னொருவர் கேட்டதும், கூட்டத்தில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். அந்தப் பேச்சு அங்கே இன்னும் ஓய்ந்தபாடில்லை. அதைக் கேட்டபோது குணசுந்தரிக்குச் சந்தோஷமாக இல்லை. அப்பாவின்மேல் இருந்த பாரத்தை எடுத்து யார் தலையிலோ போட்டுவிட்டோமோ என்று இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

2007-இல் தனபாலனின் மகள் மாலினிக்குக் கல்யாணம். தர்மலிங்கத்துக்கு அப்போதுதான் முழங்கால் ஆபரேஷன் முடிந்திருந்ததால் அவர்களால் போகமுடியவில்லை. அழைப்பிதழ் தபாலில் வந்தது. குணசுந்தரி மஞ்சள் தடவிய உறையைப் பிரித்துப் படித்தாள். தனபாலனின் பெயருக்கு மேலே, 'கிளென்மோர் தோட்டம் மண்டோர் அமரர் அய்யாக்கண்ணு அவர்களின் பேத்தி' என்று அச்சிட்டிருந்தது. அண்ணன் கல்யாண அழைப்பிதழிலும் அவள் கல்யாண அழைப்பிதழிலும் அந்த இடம் வெறுமையாகத்தான் இருந்தது.

கல்யாணத்துக்கு மறுநாள் தனபாலன் கூப்பிட்டான். தோட்டத்து ஆட்கள் நாலைந்து குடும்பம்தான் வந்தார்களாம். மற்றவர்கள் வரவில்லை. வந்தவர்களில் ஒரு கிழவர், அறுபத்தெட்டு வயது இருக்கும், சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு நேரே தனபாலனிடம் வந்தாராம்.

"என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் குணசுந்தரி.

"'உங்கப்பா ஜீப்புல போறப்ப நான் காறித் துப்புனேன்ப்பா, எனக்கு அப்ப பன்னண்டு வயசு' அப்படின்னாரு."

"நீ என்னண்ணே சொன்ன?"

"என்னத்த சொல்றது? தாம்பூலம் வாங்கிட்டீங்களான்னு கேட்டேன். இல்லன்னாரு. எடுத்துக் குடுத்தேன்."